கனவில்லாத எட்டு மாதங்கள்

எனக்குக் கனவு வருவதில்லை. தலையணையில் தலை சாய்த்தால் எஸ்டேட் சங்கு ஊதும்வரை கட்டையாகக் கிடப்பேன். என் மனைவி விக்னேஸ்வரி அப்படியில்லை. கல்யாணமான நாளிலிருந்து, காலையில் தேநீர் ஆற்றும்போதே கண்ட கனவையெல்லாம் சொல்லிவிடுவாள். தேயிலை ஆலையில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் நான் அவற்றைக் கதைகளாக எழுதினேன். கோலாலம்பூரிலிருந்து வரும் ஞாயிறு இதழில் வெளியாயின. எங்கள் மலை நகரமான தானா ராத்தாவில் கடைக்காரர்கள்கூட என்னை எழுத்தாளர் என்றார்கள். கனவு அவளுடையது, தமிழ் என்னுடையது. அதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

போன வருடம் அவளுக்குத் தூக்கம் போயிற்று. கொழுந்து பறிக்கும் இடத்தில், யாரோ கூப்பிடுவதாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கை வெள்ளச் சேறு மூடிய வருடம் அவளுடைய அம்மா அதில் போய்விட்டார். அவர் குரல்தான் என்றாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். பத்தே நாளில் தூங்கினாள். கன்னத்தில் சதை பிடித்தது.

"இப்பல்லாம் ஒன்னுமே வர்றதில்லங்க. நிம்மதியா இருக்கு," என்றாள் ஒரு காலையில்.

எட்டு மாதம் நான் ஒரு வரி எழுதவில்லை. உட்கார்ந்து பார்த்தேன், சொந்தமாக வந்தது விடுப்புக் கடிதம் போலிருந்தது. இதழாசிரியர் அடுத்த கதையை இருமுறை கேட்டுவிட்டார். ஆகவே போத்தலில் இருந்த மாத்திரைகளை மாற்றினேன். அதே வெள்ளையில் வைட்டமின் கிடைத்தது. அவள் உடம்புக்கும் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன். தினமும் நானே தண்ணீரோடு எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் வாரம் கனவு வந்தது. சேற்றுக்கடியில் அம்மா அடுப்பு மூட்டுகிறாராம். புகை கோஸ் பாத்தி வழியாக மேலே வருகிறதாம். சொல்லும்போதே எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். நான் அப்புறம் என்னவென்று கேட்டேன். மறுநாளும் கேட்டேன். பிறகு அவள் தூங்கவே இல்லை. விழித்திருக்கும்போதே புகையைப் பார்த்தாள்.

"மருந்து போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன், ஏங்க மறுபடியும் வருது? டாக்டர்கிட்ட போலாம்லா."

கதைக்கு இன்னும் முடிவு வரவில்லை. அடுத்த வாரம் போகலாம் என்றேன்.

அந்த வியாழன் மத்தியானம் அவள் பெர்த்தாமுக்கு இறங்கிப்போய், ஆற்றோரத் தோட்டமொன்றில் வெறுங்கையால் தோண்டியிருக்கிறாள். கரை சரிந்து, கீழே பாறையில் விழுந்தாள். தோட்டத்து ஆட்கள் தூக்கி வந்தபோது விரல்களில் பாதி நகம் இல்லை. இடது கால் இனி மலைச் சரிவில் ஊன்றாது.

வார்டில் அவள் அண்ணன் நாகப்பன் அழுதுகொண்டே திட்டினார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருந்தால் இந்தக் கதி வருமா என்று கேட்டார்.

"இவரு கையில எடுத்துத்தாண்ணே குடுப்பாரு," என்றாள். "நான்தான் முழுங்காம விட்டிருப்பேன் போல. என் புத்திய நானே நம்ப முடியல."

நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. அவள் கைகளில் கட்டு இருந்ததால் சுளையை வாயில் வைத்தேன். மன்னிப்புக் கேட்பவளைப் போல என்னைப் பார்த்தாள். அதன்பிறகு கண்ணாடி முன்னால் நின்று என்னால் சவரம் செய்ய முடியவில்லை.

மருந்தை மாற்றியவன் நான்தான். டாக்டரிடமும் நாகப்பனிடமும் நாளை சொல்லிவிடுவேன். அந்தக் கதையில் எழுதியவரைக்கும் கிழித்துப் போட்டுவிட்டேன். மண்ணுக்கடியில் கடைசியாக என்ன கண்டாள் என்று நேற்று வார்டில் அவளிடம் மெல்லக் கேட்டேன், சொன்னாள். கையில் பேனாகூட வைத்திருக்கவில்லை. நல்ல முடிவு அது, மறக்காது.