கம்ப்யூட்டரில் உடைந்த ஏரி

ஒரகடம் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு விவசாயி. பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி, சென்னையில் ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் போட்டோ எடுப்பவராம்.

"நேத்து உங்க வடக்குப்பட்டு ஏரி ஒடைஞ்சிடுச்சி மாமா," என்றார் தம்பி.

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"இன்னாடா சொல்ற? காலைல அதுலதான் குளிச்சேன்."

"கம்ப்யூட்டர்ல மாமா. பேய்மழை பேஞ்சா தண்ணி எங்க பாயும்னு கணக்குப் போட்டு அதுவே படம் வரையும். ஒவ்வொரு படத்தையும் நான் போட்டோ புடிச்சி, சினிமா மாதிரி ஓட்டுவோம். ஒரு நிமிஷம் ஓட ஒரு மாசம் ஆச்சு."

"எங்க வூடு?"

"முழுகிடுச்சி."

"அக்காவ முழுக வுட்டுட்டு கறி சாப்ட வரியா? சரி, கலங்கல் எங்க கீது உன் படத்துல?"

"கலங்கலா?"

"ஏரி ரொம்பினா தண்ணி வழிஞ்சி போற எடம்டா. அது வழியா போயிட்டா கரை ஏன் ஒடையப் போவுது?"

"அது மேப்புல இல்ல மாமா. அதான் போடல."

"யாரும் வந்து பாக்கலியா?"

வடக்குப்பட்டில் இருவரும் இறங்கினார்கள். தம்பி வீட்டுப் பக்கம் திரும்ப, விவசாயி அவர் கையைப் பிடித்து ஏரிக்கரைப் பக்கம் இழுத்தார்.

"கறி அப்பறம். மொதல்ல ஏரியப் பாரு."