பாதுகாக்க வந்தவர்களுக்கு ஒரு நன்றியுரை

சங்கத்தின் சுமையைச் சலிக்காமல் சுமக்கும் தலைவர், பெருந்தகை இராசலிங்கம் அண்ணை அவர்களே! முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் மூத்தோர்களே! பட்டுச்சேலை கசங்காமல் இவ்வளவு நேரம் பொறுமை காத்த தாய்மார்களே! ஆஹெனிலிருந்து ரயிலேறி வந்த மாணவச் செல்வங்களே! ஜெர்மனியின் இந்த வுப்பர்டால் நகரில் தையற்கடை நடத்தும் பாலாம்பிகையின் பணிவான வணக்கம்.

நன்றியுரைக்காகத்தான் என்னை மேடையேற்றினார்கள். "அக்கா, சாப்பாடு ஆறுது, கெதியாய் முடியுங்கோ" என்று தலைவர் காதோடு சொல்லியும் விட்டார். முடிக்கிறேன் அண்ணை! பிள்ளைகளின் பரத உடைகளைத் தைத்த இத்ரிசாவுக்கு ஒரு வரியில் நன்றி சொல்லச் சொன்னீர்கள். அந்த ஒரு வரி கொஞ்சம் நீளம், பொறுத்தருளுங்கள்.

அதோ, கடைசி வரிசைக்கும் பின்னால் ஊசியும் நூலுமாக நிற்கிறாரே, அவர்தான் இத்ரிசா. என் கடையில் வேலை செய்பவர், மாலி நாட்டுக்காரர். அங்கேயும் தையற்கடைதான் வைத்திருந்தார்.

தீவிரவாதிகளை விரட்டப் பிரெஞ்சுப் படை வந்தது. வீதியெல்லாம் விழா! வீடெல்லாம் நீலம், வெள்ளை, சிவப்பு! கொடி தைத்தது யார்? இத்ரிசா! பின்னாலேயே நம் ஜெர்மானியப் படையும் போனது. பயிற்சி கொடுத்தார்கள், பாதுகாப்புக் கொடுத்தார்கள், பக்குவமாக அறிவுரையும் கொடுத்தார்கள். அந்நாட்டுத் தளபதிகளோ எல்லாவற்றையும் பணிவோடு வாங்கிக்கொண்டு, சொந்த அரசாங்கத்தையே கவிழ்த்துக் காட்டினார்கள்! பிரெஞ்சுக்காரர் போனார்கள், ரஷ்யர் வந்தார்கள். மறுபடியும் வீதியெல்லாம் விழா! மறுபடியும் அதே மூன்று நிறம், அடுக்குத்தான் வேறு. இத்ரிசாவின் மிச்சத்துணி ஒரு முழம்கூட வீண்போகவில்லை. வல்லரசுகளே, ஓர் ஏழைத் தையற்காரன்மீது உங்களுக்குத்தான் எத்தனை அக்கறை! நன்றி, நன்றி!

காவலர்கள் கூடினார்கள். கல்லறைகளும் கூடின. சந்தைக்குப் போன இத்ரிசாவின் அண்ணன் திரும்பி வரவில்லை. காப்பாற்ற வந்தவர்களுக்கும் கலகக்காரருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டார். "இனி எவனுக்கும் கொடி தைக்கமாட்டேன்" என்றார் இத்ரிசா. கடையைக் கொளுத்திவிட்டார்கள். யார் கொளுத்தியது என்று கேட்டேன். எங்கள் கடையில் பழகிய தமிழில் சொன்னார்: "எல்லாரும் முகத்தை மூடித்தான் வந்தவங்கள் அக்கா. ஆர் எண்டு சொல்ல ஏலாது."

என்ன தபோதரன் தம்பி, அங்கிருந்து கை காட்டுகிறீர்கள்? "எங்களுக்கேன் அக்கா ஆப்பிரிக்கா அரசியல்?" நியாயமான கேள்வி! நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? எண்பத்தேழில் யாழ்ப்பாணத்துக்கு அமைதி காக்க வந்த இந்தியப் படைக்கு மாலை போட்டவர்கள் வேறு யாரோ! பொட்டு வைத்தவர்கள் வேறு யாரோ! அந்த ஆண்டு முடியுமுன்னே பதுங்குகுழிக்குள் பிள்ளைகளைப் பொத்திப்பிடித்தவர்களும் வேறு யாரோ!

ஏன், கைதட்டல் நின்றுவிட்டதே?

இன்னும் கேளுங்கள். இத்ரிசாவின் அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். திரும்பிப் போய் நிம்மதியாக வாழலாமாம்! கவச வாகனத்தோடு போன படையே பெட்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டது. கத்தரிக்கோலோடு இவர் போய் வாழலாமாம்! இப்படி ஒரு கருணையை நான் கண்டதில்லை.

வருகிற வியாழன் காலை டுசல்டோர்ப் நீதிமன்றத்தில் அவருடைய வழக்கு. பொதுமக்களும் உள்ளே இருக்கலாம். நேற்று, உங்கள் பிள்ளைகளின் இடுப்புப்பட்டிக்குச் சரிகை வைத்துக்கொண்டே கேட்டார்: "அக்கா, எனக்கு ஒருத்தரும் வரமாட்டினமோ?"

படை வந்தால் எவ்வளவு சனம் திரளும் என்று கொடி தைத்தவருக்குத் தெரியும். ஒரு மனிதனுக்குத் திரளுமா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. உங்களில் எத்தனை பேர் அதே நீதிமன்ற வாங்கில், பக்கத்தில் ஒருவருமில்லாமல் இருந்தவர்கள்? இராசலிங்கம் அண்ணை, நீங்களும்தானே? ஓம், தலையாட்டுகிறார்.

"வியாழக்கிழமை எனக்கு டொக்டரிட்ட டெர்மின் இருக்கு" என்று சொல்லச் சிலர் இப்போதே வாயெடுப்பது தெரிகிறது. ஓம், இருக்கிறது! இங்கே இருக்கும் எல்லாருக்கும் அன்றைக்கு டெர்மின் இருக்கிறது. டுசல்டோர்ப்பில்.

கைதட்ட வேண்டாம், கையை உயர்த்துங்கள். இத்ரிசா எண்ணிப் பார்க்கட்டும். உங்கள் பொறுமைக்கு நன்றி, வணக்கம்.