வரவில்லை

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். அதற்காகவே என்னை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பதிவு ஜன்னலுக்கு மாற்றினார்கள். பதினோரு வருடமாக அந்த நோட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. விசாரணைக்காக நீங்கள் எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். எழுத்து நேராக இருக்கிறதே, மனசில் ஒன்றுமே இல்லையா என்று நினைக்க வேண்டாம். கை அப்படித்தான் போகும்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் சீட்டோடு வருகிறவருக்கு நான் ஒரு தேதி கொடுப்பேன். அந்தத் தேதியில் வாட்ச்மேன் ஒரு வாசல் சீட்டில் தேதி முத்திரை குத்தி உள்ளே விடுவார். பெஞ்சில் உட்காருவார்கள். நான் பெயரைக் கூப்பிடுவேன். வந்தால் நீல மையில் டிக். வராவிட்டால் சிவப்பு மையில் "வரவில்லை". இரண்டு தடவை சிவப்பு விழுந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். மறுபடி டாக்டரைப் பார்த்து, புதுச் சீட்டு வாங்கி, வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஆறு வாரம் ஆகும்.

மிஷின் ஒரு நாளைக்கு இருபத்திரண்டு பேரைத்தான் தாங்கும். முப்பது பேருக்குத் தேதி கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. மீதி எட்டுப் பேர் பாக்கி. பாக்கி ஏன் என்று மேனேஜர் என்னைக் கேட்பார். "இன்னைக்கு இல்லை" என்று அந்த எட்டுப் பேரிடம் சொல்வதும் நான்தான். முன்பு அந்த ஜன்னலில் மூன்று பேர் இருந்தோம். வாங்கும் திட்டைப் பங்கு போட்டுக்கொள்வோம். ஒருத்தி ஓய்வு பெற்றாள், ஒருத்தியை மாற்றிவிட்டார்கள். அவர்கள் நாற்காலிகளில் ஃபைல் அடுக்கினார்கள்.

வீட்டைப் பற்றியும் கேட்டீர்கள். கணவருக்கு வேலை போய் ஒன்பது மாதம். மாமனார் படுத்த படுக்கை. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து அவருக்குத் துணி மாற்றி, உடம்பு துடைத்து, சமைத்து வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு போவேன். "உனக்கென்ன, ஃபேனுக்குக் கீழ உக்காந்து எழுதற வேலை" என்பார் கணவர். கோபமாகச் சொல்லமாட்டார். டிவியைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

இதையெல்லாம் காரணமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் என்னோடு நின்றவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

முதல் ஆள் ஒரு லாரி டிரைவர். சீட்டை ஜன்னல் வழியாக என் முகத்தில் எறிந்தார். "இவளுக்கெல்லாம் சம்பளம் ஒரு கேடு" என்றார். பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். அப்போது என் கையில் இருந்தது சிவப்புப் பேனா. எழுதிவிட்டேன். அவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

ஒரு மணிக்கு வந்தார். "என் பேரு இன்னும் வரலையே?"

"பத்தரைக்கே கூப்பிட்டேன். நீங்க இல்லை."

"டீ குடிக்கப் போனப்பவா இருக்கும். என் தப்புதாம்மா, மன்னிச்சுக்கோ."

அன்றைக்கு ஆறு மணி நேரம் தூங்கினேன். பல மாதத்துக்குப் பிறகு.

பிறகு வாரத்துக்கு ஒன்று. பிறகு இரண்டு, மூன்று. எனக்கும் ஒரு முறை இருந்தது. குழந்தைகளைத் தொட்டதில்லை. சக்கர நாற்காலியில் வந்தவர்களைத் தொட்டதில்லை. கத்துகிறவர்கள் மட்டும்தான். வராதவர்கள் பாக்கியில் சேரமாட்டார்கள் அல்லவா, அதனால் மாதக் கடைசியில் பாக்கி குறைந்தது. மேனேஜர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "பரவாயில்லையே, ஒத்தை ஆளா சமாளிச்சுட்டீங்களே. நான் வேற ரெண்டு ஆள் கேட்டு எழுதலாம்னு இருந்தேன்" என்றார். எழுதவில்லை.

தையல்காரம்மா விஷயத்துக்கு வருகிறேன். அதற்காகத்தானே கூப்பிட்டிருக்கிறீர்கள்.

அவர் கத்தவே இல்லை. கத்தியது அவருடைய தம்பி. "எங்க அக்கா வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு, நீங்க போனை நோண்டிக்கிட்டு இருக்கீங்க" என்றான். போனில் கணவர் அனுப்பிய செய்தி இருந்தது. அப்பா கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார், எப்போது வருவாய் என்று. தம்பிக்கு அது தெரிய நியாயமில்லை. அவன் பெயர் என் நோட்டில் இல்லை. அக்கா பெயர்தான் இருந்தது. அதற்கு எதிரே சிவப்பில் எழுதினேன்.

இரண்டாவது தேதிக்கு அவர் தனியாக வந்தார். மிஷின் அன்றைக்கு இரண்டு தடவை நின்றது. "மொதல்ல அந்த மிஷினுக்கு ஒரு ஸ்கேன் எடுங்கப்பா" என்று யாரோ சொல்ல, பெஞ்சே சிரித்தது. அவரும் சிரித்தார். எழுந்து ஜன்னலுக்கு வந்தார்.

"தம்பி அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மனசுல வெச்சுக்காதீங்கக்கா" என்றார். பிறகு நான் போட்டிருந்த ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டின் கையைப் பார்த்தார். "பட்டன் தொங்குதே. கையைக் கொடுங்க."

பையிலிருந்து ஒரு ஊசி டப்பா எடுத்தார். ஜன்னல் வழியாகவே தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "முகமே வாடிக் கெடக்கு. உங்களை யாரும் பாத்துக்க மாட்டாங்களா?"

அப்படி ஒருவர் என்னைக் கேட்டதில்லை. மேனேஜர் பன்னிரண்டு மணிக்கு வந்து, இன்றைக்குப் பாக்கி இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பெஞ்சை வரிசையாகப் பார்த்தேன். யார் பெயரை விட்டாலும் சண்டைக்கு வருவார்கள். தையல்காரம்மா ஒருவர்தான் வரமாட்டார். எழுதினேன்.

"கூப்பிட்டீங்களாக்கா? நூல் கோத்துக்கிட்டு இருந்ததுல கவனிக்காம விட்டுட்டேன் போல" என்றார். அத்தோடு அவர் பெயரை எடுத்துவிட்டார்கள்.

ஆறு வாரம் கழித்துப் புதுச் சீட்டோடு வந்தார். தானே தைத்துப் போட்டிருந்த சட்டை தோளிலிருந்து நழுவியது. "இன்னைக்கு நல்லா காதைக் கொடுத்துக் கேக்கறேன்" என்று எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். அன்றும் எழுதினேன். மிஷின் நின்றுவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள் என்றேன். நம்பினார்.

அன்று ஏன் என்று மூன்று முறை கேட்டீர்கள். அப்போது சொல்ல வரவில்லை. இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு அவருக்கு நீல டிக் போட்டிருந்தால், முன்னால் எழுதிய இரண்டும் என்னவென்று எனக்கே தெரிந்துவிடும்.

மொத்தம் நாற்பத்தொரு பேர். பட்டியல் தனித்தாளில் இருக்கிறது. மற்ற நாற்பது பேர் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் வந்து சொல்லவில்லை. இவருடைய மூன்று வாசல் சீட்டும் முத்திரையோடு ஊசி டப்பாவில் இருந்ததால்தான் விஷயம் உங்களிடம் வந்தது. கோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டீர்கள். மற்ற பட்டன் விழுந்தாலும் அது விழாது, அப்படித் தைத்திருக்கிறார்.

அடுத்த வாரம் அவர் தேதியில் தம்பி மட்டும் வந்தான். கத்துவான் என்று நினைத்தேன். அப்போது அவன் இன்னும் டப்பாவைத் திறந்து பார்த்திருக்கவில்லை.

"அக்கா நேத்து போயிட்டா" என்றான். "அந்த எடத்தை வேற யாருக்காவது கொடுத்துடுங்க. பாவம், எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

சரி என்றேன். அடுத்த பெயரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவர் வரியை முடித்தாக வேண்டும். சிவப்புப் பேனாவை எடுத்தேன். நோட்டு உங்களிடம்தான் இருக்கிறது, அந்தப் பக்கத்தைப் பாருங்கள். அவர் பெயருக்கு எதிரே நான் எழுதிய நான்கில், கடைசியாக எழுதியது மட்டும் உண்மை. அதை என் கணக்கில் சேர்க்க வேண்டாம்.