பூட்ட வேண்டாம்

எனக்கு எதுவும் நேராக நிற்க வேண்டும். எதிரில் இருப்பவர் சட்டையில் ஒரு பொத்தான் மாறி மாட்டியிருந்தால்கூட அவர் பேச்சு என் காதில் ஏறாது. உங்கள் சட்டை சரியாக இருக்கிறது, அதனால் நிம்மதியாகச் சொல்கிறேன்.

குளிர்சேமிப்புக் கிடங்கில் எனக்குத் திரையில்தான் வேலை. அறைக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு பொத்தான். அறை காலியாக இருந்தால் பொத்தானில் ‘பூட்ட’ என்று இருக்கும். அழுத்தினால் கதவு பூட்டிக்கொள்ளும். யாராவது அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனால், அதுவே ‘பூட்ட வேண்டாம்’ என்று சிவப்பாக மாறும். மாறுவது எழுத்து மட்டும்தான், அழுத்தினால் அப்போதும் பூட்டும். எழுத்தின் அளவு, நிறம், இடைவெளி என் பொறுப்பு. அழுத்துவது அடுத்த நாற்காலியில் இருக்கும் என் மனைவியின் பொறுப்பு.

மேலாளர் அவளுடைய அண்ணன். வேலை மச்சான் போட்டுக் கொடுத்தது. குடியிருப்பு அவர் வீட்டு மாடி. வாசல் சாவி அவரிடம் மட்டும். விருந்தாளிகளிடம், “நம்ம மாப்ள பொத்தான் தைக்கிறாரு” என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். வருடக்கணக்கில் சிரித்தால் தாடை வலிக்கும். வேறு ஊருக்குப் போய்விடலாமா என்று ஒருமுறை மனைவியிடம் கேட்டேன். மறுநாள் மச்சான் கேட்டார்: “என்ன மாப்ள, றெக்கை முளைச்சிருச்சா?”

அன்று காலை திரையைப் பார்த்து முகம் சுளித்தார். நீளமான வாசகம் இரண்டாக மடிந்து அந்த வரி மட்டும் உப்பியிருந்தது.

“இது மட்டும் ஏன் வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குது? எல்லாம் ஒரே அளவா இருக்கட்டும். சிவப்பையும் எடுங்க, கண்ணைக் குத்துது.”

சொல்லிவிட்டு நான்காம் அறைக்குள் போனார். கதவின் உள்கைப்பிடி பழுது. அதைப் பார்க்கத்தான் போனார்.

நான் சொன்ன பேச்சைக் கேட்கிறவன். எழுத்து மடியாமல் வைத்தேன். சிவப்பை எடுத்தேன். பொத்தானை முதல் சொல் மட்டும் தெரியும்படி குறுக்கினேன். மிச்சம் இருக்கிறது என்று காட்டும் மூன்று புள்ளிகளையும் நீக்கினேன், அவை அசிங்கமாகத் தெரிந்தன. நம் மொழியில் ‘வேண்டாம்’ கடைசியில்தானே வருகிறது. எல்லா வரியிலும் ‘பூட்ட’ என்று நின்றது. பார்க்க அழகாக இருந்தது.

அவள் வரிசையாக அழுத்திக்கொண்டே வந்தாள். நான்காவதில் தயங்கினாள்.

“அண்ணன் வெளிய வந்துட்டாராங்க?”

“பொத்தான்ல என்ன போட்டிருக்கு?”

“‘பூட்ட’ன்னுதான்.”

“அப்புறம் என்ன?”

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அப்பால் தட்டுகிற சத்தம் கேட்டது. மோட்டாராக இருக்கும் என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். எழுத்தின் அளவை இன்னும் கொஞ்சம் குறைத்துப் பார்த்தேன். சத்தம் நின்ற பிறகு எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைத்தேன்.

கதவை உடைத்துத் திறந்தபோது திரையில் ‘பூட்ட வேண்டாம்’ என்று சிவப்பாக இருந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். “நான்தான் பாதி படிச்சுட்டு அழுத்திட்டேன்” என்று அவளே சொன்னாள். இன்றும் அப்படித்தான் நம்புகிறாள். லிஃப்ட் பொத்தானைக்கூட அழுத்தாமல் அதையே படித்துக்கொண்டு நிற்கிறாள்.

நேற்று, குற்றத்தை ஒப்புக்கொள்ள இங்கே வரப்போகிறேன் என்றாள். நான் கொடுமைக்காரன் இல்லை. அதனால் நானே வந்தேன். கொன்றது நான்தான், அவளை விட்டுவிடுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் எழுதி முடித்தால் நல்லது. வாசல் சாவி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. இந்த நிலையில் அவளை வெளியே விட முடியாது என்று பூட்டிவிட்டு வந்தேன். நான் போய்த்தான் திறக்க வேண்டும்.