சித்தப்பாவைவிட மூத்த மீன்

"அந்த மீனு உங்களவிட மூத்தது சித்தப்பா."

முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னதும் ஜன்னலிலிருந்து திரும்பினேன். புதுக்கோட்டையிலிருந்து கீரனூர் போகும் பஸ். அவள் கனடாவில் வேலை பார்ப்பவள், லீவில் வந்திருக்கிறாள் என்பது அதற்குள் பஸ்ஸுக்கே தெரிந்திருந்தது.

"அங்க ஒரு சுரங்கத்துக்குக் கரண்டு வேணும்னு அணைய ஒசத்தப் போறாங்க. அதுக்கு முன்னாடி, ஐசா ஒறஞ்சு கெடக்குற அந்த ஏரியில என்னென்ன இருக்குன்னு நாங்க எழுதி வைக்கணும்."

"மீனுக்கு வயசு எப்புடிம்மா தெரியும்?"

"துடுப்புல துளியூண்டு வெட்டி லேபுக்கு அனுப்புவோம். அதுல வருசத்துக்கு ஒண்ணா இருக்க வளையத்த எண்ணுவாங்க. இதுக்கு அறுபதுக்கு மேல. நம்பர் மாட்டித் தண்ணியிலயே விட்டுட்டோம்."

"அம்புட்டு வருசமும் அந்த ஐசுக்கு அடியிலயா?"

"ஆமா சித்தப்பா."

நார்த்தாமலைப் பாறைகள் கடந்து போனதும் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"அப்ப எனக்கு அண்ணன் முறை. ஒனக்குப் பெரியப்பா."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

கீரனூரில் இறங்கும்போது படியில் நின்று கேட்டார். "தண்ணி ஏத்துனப்பறம் திரும்பப் போவீகல்ல? அண்ணன் இருக்காரான்னு பாத்துட்டு எனக்கு ஒரு போன் போடு."