கொடி அறுக்க நாலு பேர்

...கத்துறாளுங்க பாரு, கத்துறாளுங்க! பிரசவ ரூம் வாசல்ல நின்னு இப்படிக் கத்தினா உள்ள இருக்கற புள்ள வெளிய வருமா, பயந்துபோய் இன்னும் மேல ஏறிக்குமா? நீ ஒக்காரு, பைலட்டுத் தம்பி. ஸ்ட்ரெச்சர ஓரமாத் தள்ளிட்டு டீயக் குடி. உள்ள படுத்திருக்கற அக்கினிசி போன் பண்ணி, "இந்தச் சண்ட எனக்கு வேணாம், மாண்ட்ரியாலுக்கே போய்ப் பெத்துக்கறேன், பிளேன் அனுப்புங்க"ன்னா... ஒடனே ஓடி வந்துடறதா? மத்த சமயமெல்லாம் விரிகுடா மேல மூடுபனி, காத்துன்னு நாள்கணக்கா எட்டிப் பாக்க மாட்டீங்க. இன்னைக்கு மட்டும் பஸ் மாதிரி கரெக்டா வந்து நிக்கற!

நான் யாருன்னா கேக்கற? நல்லாக் கேட்ட போ. பிரசவம்னா பிளேன்ல தெக்க அனுப்பறத நிறுத்தி, இந்த ஊர்ல மறுபடியும் நம்ம மருத்துவச்சி கையாலயே புள்ள பொறக்கணும்னு வீடு வீடா ஏறி எறங்கினவ நாந்தான். ஆபீஸ்ல எனக்கு "சமூக ஒருங்கிணைப்பாளர்"னு பேரு. ஒருங்கிணைச்சுட்டேன்ல? பாரு, நாலு பேரும் ஒண்ணா நின்னு ஒருத்தி முடிய ஒருத்தி புடிக்கப் போறாளுங்க!

மொதல்ல அதுக்குக் கூட்டம் நடத்த தெக்கேருந்து ரெண்டு அம்மா வந்தாங்க, கலர் கலராக் காகிதத்தோட. "ஒங்க கனவ எழுதிச் செவுத்துல ஒட்டுங்க"ன்னாங்க. லிசி என்ன ஒட்டினா தெரியுமா? "வாழப்பழம் வெல கொறையணும்." அந்தப் பழத்த விக்கிற கடையில கல்லாவுல ஒக்கார்றவளே அவதான்! பாசா, ரேடியோல பிங்கோ ஆட்டத்துக்கு நம்பர் படிக்கறவ, "பிங்கோ நேரத்துல மீட்டிங் வெக்காதீங்க"ன்னு ஒட்டினா. நாப்பாச்சி எதையும் ஒட்டல, சர்ச்சுல பாடற தொண்டைய வெச்சுகிட்டு சும்மா இருமிட்டுப் போனா. கரிபூ மான் சூப்பு தீந்துது, கூட்டமும் தீந்துது. அந்த அம்மாங்க "அருமையான உரையாடல்"னு கையக் குலுக்கிட்டு பிளேன் ஏறிட்டாங்க. ஒன் பிளேன்தான்!

ஈவா, அதோ பச்ச ஜாக்கெட்டு, அக்கினிசிக்கு மாமியா... அவ மட்டுந்தான் உருப்படியா ஒண்ணு கேட்டா. "ஏதாவது ஆயிடுச்சுன்னா?" நியாயமான கேள்விதான். நம்ம மருத்துவச்சி லைசா அதுக்குத்தானே படிச்சுத் தேறி வந்திருக்கா, சிக்கல்னா பிளேன் இருக்குன்னேன். தலைய ஆட்டினா. ஆனா இங்கயே பெத்துக்கலாம், சரின்னு கை தூக்கல. ஒருத்தியும் தூக்கல. அப்புறம் நான் ஒண்ணு சொன்னேன்... தூக்கினாளுங்க. அத விடு.

சண்ட எதுக்கா? கொடிக்குத்தான்! தொப்புள்கொடிய யாரு அறுக்கறதுன்னு! சிரிக்காத. எங்க இனுயிட்டு சனத்துக்கு அது வெறும் கத்திரிக்கோல் வேலையில்ல. அறுக்கறவங்க அந்தப் புள்ளைக்கு சனாயிக். மொத சட்டய அவங்கதான் போடணும். "நீ பொறுமசாலியா வரணும், நல்லா வேட்டையாடணும்"னு அவங்க வாயாலதான் சொல்லணும். புள்ள அடிக்கற மொத பறவ, புடிக்கற மொத மீனு அவங்க வீட்டுக்குத்தான் போகும். சாகற வரைக்கும் சொந்தம், தம்பி.

என் மவனுக்கு அப்படி யாரும் கெடையாது. ஒன்ன மாதிரி ஒருத்தன் என்ன ஏத்திட்டுப் போய் மாண்ட்ரியால்ல எறக்கிவிட்டான். யாரோ ஒரு நர்சு அறுத்தா. நல்லவதான்... பேரு கேக்கத் தோணல. அவன் மொத பறவ அடிச்ச அன்னைக்கு, அதக் கையில புடிச்சுகிட்டு, "யாருக்கும்மா குடுக்கணும்?"னு வாசல்ல நின்னான் பாரு... இன்னும் என் மனசு ஆறல. அதுக்குத்தான் இந்த வேலைக்கே வந்தேன்.

என்ன? இவளுக நாலு பேருக்கும் நீதான் சனாயிக்குன்னு யாரு சொன்னதா? ...டீ ஆறுது, குடி. ...ஏன் அப்படிப் பாக்கற? சரி, நாந்தான்! போதுமா? இங்க பொறக்கற மொத புள்ளைக்கு நீதான்னு ஈவாகிட்ட சொன்னேன், கை தூக்கினா. லிசிகிட்ட, நாப்பாச்சிகிட்ட, எல்லார்கிட்டயும் தனித்தனியாச் சொன்னேன். ஒருத்திக்கொருத்தி சொல்லிக்க மாட்டாளுங்கன்னு நம்பினேன். இந்த ஊர்ல! அதுவும் ரேடியோக்காரிகிட்ட!

என் பையில என்ன நீட்டிகிட்டிருக்குன்னா? இதுவா... கத்திரிக்கோலு. சும்மா, நூலு வெட்ட.

இரு, லைசா வரா. என்ன லைசா, கெளம்பறாளா? ...கெளம்பலயா! சனாயிக் யாருன்னு அவளே முடிவு பண்ணிட்டாளா? யாரு? ...யாரு?! இந்தப் பைலட்டா! இவன் ஒருத்தன்தான் கொடி வேணும்னு கேக்கவே இல்லயாம், அதனாலயா? ...அதுவும் இப்பவே உள்ள வரணும், பொறக்கற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாதா? வலியே இப்பத்தானடி ஆரம்பிச்சிருக்கு, அதுக்குள்ள இவன் எதுக்கு...

அடியே! பைலட்டு உள்ள ஒக்காந்துட்டா பிளேன யாரு ஓட்டுவா? அடி கெட்டிக்காரி... இங்கயேதான் பெத்துக்கப் போறா! ஈவா, வாய மூடு! எல்லாரும் வாய மூடுங்கடி!

என்ன தம்பி முழிக்கற, எழுந்திரு. எத்தன வயித்த இங்கேருந்து தூக்கிட்டுப் போன, ஒண்ணு இங்க எறங்கறதயும் பாரு. சோப்புப் போட்டு கையக் கழுவு, முழங்கை வரைக்கும். இந்தா... இதையும் எடுத்துட்டுப் போ. நல்லாக் கொதிக்கவெச்சதுதான். நூலு வெட்டற கத்திரிய எதுக்குக் கொதிக்கவெச்சேன்னு கேக்காத. போ!