ஜமால்தீன் நானாவின் தக்காளி விதை

இல்லை நானா, அந்தச் சிரிப்பெல்லாம் வேற ஆக்களிட்ட வைச்சுக்கொள்ளுங்கோ. ஒரு பக்கற் தக்காளி விதை. இந்தக் கடையில, இந்த மேசையடியில, உங்கட கையாலதான் வாங்கினனான். ஒண்டு முளைச்சுதோ? ஒரு பச்சை? ஒரு பொட்டு? ம்ஹும்! ஜமால்தீன்ர விதையெண்டால் நம்பி வாங்கலாமெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்ச என்ர வாயை என்ன செய்ய?

எனக்குப் புதுப் பக்கற் வேணும். சும்மா. அதோட கத்தரி விதையும் ஒரு பக்கற்… என்ன முழிக்கிறீங்கள்? பஸ் ஸ்ராண்டடியில இடியப்பம் வித்துக் கல்வீடு கட்டின சிவலட்சுமி நான். பேரம் பேச என்னைப் பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் படிப்பிக்கேல்லை. அடிபட்டுப் படிச்சனான்.

பக்கற்றில அடிச்சிருக்கிற திகதியோ? பாத்தனான், பாத்தனான். திகதி சரி. அதைக் காட்டி என்னை மடக்கேலாது.

இது வெறும் தக்காளி இல்லை நானா, மானப் பிரச்சினை. கனடாவில என்ர தங்கச்சி நிருஷா இருக்கிறாளெல்லோ… சின்னனில உங்கட கடை வாசல்ல விழுந்து பல்லு உடைச்சவள், ஓம், அவள்தான். எங்கட வீட்டில எந்த விதையெண்டாலும் முதல்ல நான்தான் போடுறது. கைராசி எனக்கு. அது அவளுக்குப் பொறுக்காது. போன மாசம் வீடியோவில வாறாள். யன்னலுக்கு வெளியில வெள்ளை வெளேரெண்டு பனி. இவள் குளிர்ச்சட்டையும் தொப்பியுமாக் குசினிக்குள்ள நிண்டுகொண்டு, "அக்கா, இந்தமுறை பிந்தித்தான் போட்டனான், ஆனாலும் ஆறாம் நாள் முளைச்சிட்டுது" எண்டு ஒரு தட்டைக் காட்டுறாள். மேல ஒரு லைற். கீழ பச்சைப் பச்சையா… எனக்கு வயிறு பத்தியெரிஞ்சுது. பனிக்குள்ள கிடக்கிறவளுக்கு முளைச்சால் மன்னாரில இருக்கிற எனக்கு முளையாதோ? ஆருக்கு முதல் பழம் வருதெண்டு பாப்பமெண்டு பந்தயம் கட்டிப்போட்டன். தோத்தவள், "உனக்குத்தான் கைராசி" எண்டு சொந்தக் குரலில குடும்ப வட்ஸ்அப் குறூப்பில சொல்லோணும். அதில எத்தினை பேர் தெரியுமோ? நாப்பத்திமூண்டு! என்ர மூத்தவளின்ர மாமியும் இருக்கிறா!

எங்க வைச்சனானோ? வீட்டுக்குள்ளதான், அவளை மாதிரியே. வெயிலுக்க வைக்க நானென்ன விசரியோ? குளிர் நாட்டில இப்பிடி முளைக்குதெண்டால் தக்காளிக்குக் குளிர்தானே பிடிக்கும்? தட்டுக்குக் கீழ சூடு குடுக்கிறதெண்டு அவள் ஏதோ சொல்ல வெளிக்கிட்டவள். நான் போனை வைச்சிட்டன். எதிராளியிட்டப் போய் யோசனை கேக்கிற ஆளோ நான்?

பிரிட்ஜுக்கதான் வைச்சனான்.

ஏன் நானா இருமுறீங்கள்? தண்ணி குடியுங்கோ. மீன் சட்டியைக் கீழ இறக்கிப்போட்டு, மேல்தட்டு முழுக்கத் தக்காளிக்குக் குடுத்தன். பன்னிரண்டு நாள்! லைற்றோ? ஏன் இல்லை? கதவைத் திறந்தால் எரியும்தானே! ஒரு நாளைக்கு நாப்பது தரம் திறந்து திறந்து வெளிச்சம் காட்டினனான். கை உளைஞ்சுபோச்சு. கடைசியில கோவம் வந்து, போன வெள்ளி அவ்வளவு மண்ணையும் கிணத்தடியில கொட்டிப்போட்டன். இப்ப சொல்லுங்கோ, ஆற்ற பிழை? விதையின்ர பிழைதானே?

பொறுங்கோ, மகள் தக்சிகா என்னமோ படம் அனுப்பியிருக்கிறாள்… எங்கட கிணத்தடி… நானா! பச்சை! உடுப்புத் தோய்க்கிற கல்லைச் சுத்தி எத்தினை தக்காளிக் கண்டு, பாருங்கோ! ஆர் சொன்னது உங்கட விதை கூடாதெண்டு? நானோ? நான் சொல்லுவனோ? கோவத்தில கொட்டினதே முளைச்சிருக்கெண்டால், என்ர கைராசியை நினைச்சுப் பாருங்கோ!

ஆனா… இந்த மூலையில சாம்பல் நிறத்தில என்ன இது? காது மாதிரி… ஐயோ, தெருவில திரியிற கழுதை! வாய்க்குள்ளயும் பச்சை! ஹலோ, எடியே தக்சிகா! படம் எடுத்த நேரத்துக்கு அதைக் கலைச்சிருக்கலாமேடி! கலை! கலைச்சிட்டு எத்தினை மிச்சமெண்டு எண்ணு… ரெண்டோ? ரெண்டே ரெண்டோ?

சரி. நானா, இன்னொரு பக்கற் தாங்கோ. ஓம், ஓம், காசுக்குத்தான். ஆனா கழுதை திண்ட பங்குக்குக் குறைக்கோணும். உங்கட விதை நல்லதெண்டதுக்கு ஊரில இருக்கிற ஒரே சாட்சி அதுதானே! அதோட இந்தப் போனை ஒருக்காப் பிடியுங்கோ. படத்தின்ர ஓரத்தை வெட்டத் தெரியுமோ? அந்தக் காது தெரியாமல் வெட்டித் தாங்கோ. நிருஷா நித்திரையால எழும்பமுந்திக் குறூப்பில போடோணும்.